இன்னா பண்ணுது உனக்கு?

குண்டுமல்லிச் சரம் என் தலைக்கு நாலு விரற்கடை மேலே வந்து நின்றது. நான் மூச்சை அடக்கிக்கொண்டு, எதிரே தாம்பாளத்தில் அடுக்கியிருந்த வாழைப்பழங்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் பக்கத்தில் இதைப் ‘பூ வைக்கிறது’ என்போம். மாப்பிள்ளை வீட்டார் புடவை, பூ, பழத்தோடு வருவார்கள். பெண்ணை மணையில் உட்கார வைத்து, மாப்பிள்ளையின் அக்காவோ தங்கையோ தலையில் பூவை வைத்துவிட்டால் பேச்சு முடிந்தது. அதற்கப்புறம் அந்தப் பெண் அந்த வீட்டுக்காரி.

மல்லிகை வாசம் எனக்கு ஆகாது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அதனால் ஒரு திட்டம் வைத்திருந்தேன். பூவைக் கிட்டே கொண்டுவரும்போது மூச்சை அடக்குவது, வைத்து முடித்ததும் பெரியவர்கள் காலில் விழுகிற சாக்கில் எழுந்து, அப்படியே பின்பக்கம் ஓடி, சரத்தைப் பிடுங்கிக் கிணற்றடியில் வைத்துவிடுவது. இருபத்தைந்து வயதில் இதெல்லாம் பெரிய ராஜதந்திரமாகத் தெரிந்தது.

ஆனால் என் நாத்தனாருக்கு ஹேர்பின் கிடைக்கவில்லை.

“ஹேர்பின் எங்க வச்சேன்? யார்னா ஒரு ஹேர்பின் குடுங்களேன்” என்று சரத்தை என் காதோரம் பிடித்துக்கொண்டே கேட்டார். ஒருத்தி கொடுத்தாள், அது வளைந்திருந்தது. இன்னொருத்தி தன் கொண்டையைத் தடவினாள். எத்தனை நேரம்தான் ஒருத்தி மூச்சை அடக்குவாள்? இழுத்தேன். ஒரே இழுப்பில் கூடம் முழுக்க இருந்த மல்லிகையும் மண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அடுத்த நிமிஷம், அவர்கள் கொண்டுவந்த பட்டுப் புடவைத் தட்டின் மேலேயே வாந்தி எடுத்துவிட்டேன்.

மாப்பிள்ளையின் பெரியம்மாதான் முதலில் வாயைத் திறந்தார்.

“பொண்ணு மல மேல எத்தினி வருஷமா வேல செய்யுதுன்னு சொன்னீங்க?”

கேள்வியில் தப்பே கிடையாது. ஆனால் அங்கே இருந்த அத்தனை பொம்பளைகளுக்கும் அது என்ன கேள்வி என்று புரிந்தது. கல்வராயன் மலையில் நர்ஸ் வேலை. கூட அப்பா அம்மா இல்லை. பூ வைக்கிற அன்றைக்கு வாந்தி. ஆளாளுக்கு மனசுக்குள் மாசக் கணக்குப் பார்க்கிறார்கள் என்பது முகத்திலேயே தெரிந்தது. எங்கப்பா கையில் இருந்த சந்தனக் கிண்ணத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். அம்மா சமையல்கட்டு வாசலில் முந்தானையை மூக்கோடு பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஒரு பதில் சொல்லியாக வேண்டும். உண்மையான பதில் நாலே வார்த்தை. ஆனால் பல வருஷமாகப் பழகிப்போன வாய் அதைச் சொல்லவில்லை.

“நான் கொஞ்சம் ஒரு மாதிரிங்க” என்றேன். சொன்னதோடு விட்டேனா, சிரிக்கவும் செய்தேன்.

உளுந்தூர்பேட்டையிலிருந்து ஒரு கார்டு

அந்தக் கூடத்தை அப்படியே நிறுத்திவிட்டு இன்னொரு விஷயம் சொல்ல வேண்டும். இந்தப் பத்திரிகைத் தொடரில் இந்த வாரம் நான் எழுத நினைத்தது வேறு. அதைக் கெடுத்தது ஒரு தபால் கார்டு.

உளுந்தூர்பேட்டையிலிருந்து வந்திருந்தது. பெயர் போடவில்லை. கையெழுத்தைப் பார்த்தால் வேலைக்கு நடுவே நின்றுகொண்டே எழுதியது போல இருந்தது. விஷயம் இவ்வளவுதான்: ‘அம்மா, வாரா வாரம் நீங்க எழுதறத படிக்கிறேன். நல்லா கீது. ஆனா வாரத்துக்கு ஒரு வாட்டி, நான் ஒரு மாதிரி ஆளுன்னு எழுதிடறீங்க. அப்படின்னா இன்னான்னு இதுவரைக்கும் சொல்லல. இன்னா ஏதுன்னு சொல்லிட்டு மேல எழுதுங்க.’

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என் கதையை நான் எப்படி எழுதினால் இவருக்கென்ன? கார்டை வீட்டுக்காரரிடம் நீட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் படித்தார்.

“நியாயமான கேள்விதானே” என்றார்.

அவரிடம் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாவது நாள் பழைய இதழ்களை எடுத்து வைத்துப் புரட்டினேன். கார்டு எழுதிய மனுஷன் சொன்னது சரிதான். சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்ட அத்தியாயத்தில் கூட ‘நான் ஒரு மாதிரி’ என்று எழுதி வைத்திருக்கிறேன். அங்கே அதற்கு என்ன வேலை?

இப்போது எங்கள் ஆஸ்பத்திரியில் வேலைக்கு வருகிற பெண்கள் “நான் ரொம்ப வியர்டு சிஸ்டர்” என்று, நம் ‘ஒரு மாதிரி’யையே இங்கிலீஷில், அவர்களாகவே சொல்லிக்கொள்கிறார்கள். என்னம்மா என்று கேட்டால், தயிர்சாதத்துக்கு மிக்சர் தொட்டுக்கொள்கிறாளாம். அடிப்பாவி, அது வியர்டு என்றால் கள்ளக்குறிச்சியில் பாதி ஜனம் வியர்டுதான். கேலி செய்தாலும் எனக்கு அவர்கள் மேல் பொறாமை உண்டு. அந்த வார்த்தையைப் பொட்டு வைத்துக்கொள்வது போல வைத்துக்கொள்கிறார்கள், அழகாகவும் இருக்கிறது.

எனக்கு அது பொட்டு இல்லை, தாழ்ப்பாள். எப்போது போட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்பாவின் குளியல்

நான் பிறந்தது மூங்கில்துறைப்பட்டில். அப்பாவுக்கு சர்க்கரை ஆலையில் வேலை. சாற்றைக் காய்ச்சிச் சர்க்கரை எடுத்த பிறகு கறுப்பாக ஒரு பாகு மிஞ்சும், மொலாசஸ் என்பார்கள். அந்தத் தொட்டிப் பக்கம்தான் அவருக்கு.

அரவை தொடங்கிவிட்டால் ஊரே ஒரு வாடையில் மிதக்கும். இனிப்பும் புளிப்பும் கலந்து, தொண்டையில் போய் ஒட்டிக்கொள்கிற வாடை. வெளியூர் பஸ் உள்ளே நுழைந்ததும் ஜன்னல்களைச் சாத்துவார்கள், கைக்குட்டையை எடுப்பார்கள். எங்களுக்கு அதைப் பார்த்தால் சிரிப்பு வரும். எங்களுக்கு அது மூக்கிலேயே ஏறாது. எங்கள் வீட்டில் யாருக்குமே ஏறாது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

அப்பாவிடம் ஒரு பழக்கம். வேலை விட்டு நேராக வீட்டுக்கு வரமாட்டார். ஊர் எல்லையில் ஒரு பம்புசெட்டு. அங்கே வேலைத் துணியைக் கழற்றி அலசிப் போட்டு, சோப்பு போட்டு முழுக்கக் குளித்துவிட்டுத்தான் வருவார். ஆலையில் எத்தனையோ பேர் வேலை செய்தார்கள், யாரும் இப்படிச் செய்ததில்லை. மார்கழிக் குளிரில், பொழுது விடிகிற நேரத்தில் ஷிப்டு முடித்து வருகிறவர்கள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு போவார்கள். அப்பா மட்டும் தண்ணீருக்கு அடியில் நிற்பார்.

“இன்னாய்யா, மண்ட கிண்ட கொழம்பிப்போச்சா? ஜன்னி வந்துடப்போவுது” என்று கத்திவிட்டுப் போவார்கள்.

“நான் ஒரு மாதிரி ஆளுப்பா. குளிக்காம எனக்குச் சோறு எறங்காது” என்பார் அப்பா.

அந்த வார்த்தையை நான் முதன்முதலில் கேட்டது அவர் வாயில்தான்.

குளித்துவிட்டு வந்தாலும் சட்டென்று உள்ளே வரமாட்டார். தலையிலிருந்து தண்ணீர் சொட்ட வாசற்படிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, “வரட்டுமா?” என்று கேட்பார். சொந்த வீட்டுக்குள் வர உத்தரவு கேட்கிற ஆளை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நாங்கள் பிள்ளைகள் மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரிப்போம். உள்ளேயிருந்து அம்மா வந்து “வாங்க” என்ற பிறகுதான் காலை எடுத்து வைப்பார்.

அம்மாவுக்கும் ஊரில் ஒரு பெயர் இருந்தது. தெருவில் நின்றாலும் சரி, தண்ணீருக்குப் போனாலும் சரி, முந்தானையை எடுத்து மூக்கையும் வாயையும் மூடியபடிதான் இருப்பாள். அடக்கமான பொம்பளை என்று சிலர் சொன்னார்கள். ராங்கிக்காரி, நம்மைப் பார்த்து மூக்கைப் பொத்துகிறாள் என்று பலர் சொன்னார்கள். அம்மா இரண்டுக்கும் பதில் சொன்னதில்லை.

வேப்பிலை அடி

எனக்கு ஒன்பதோ பத்தோ வயது. ஒரு கல்யாண வீட்டில் தலை நிறைய மல்லிகை வைத்துவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் இடது கண்ணுக்குப் பின்னால் ஆணி அடிப்பது போல வலித்தது. வெளிச்சம் பார்க்க முடியவில்லை. வாந்தி. “பூ வாடை ஒத்துக்கல” என்று அழுதேன்.

சின்ன வயதில் உண்மையை நான் சொன்னது அந்த ஒரு தரம்தான். அதற்குக் கிடைத்த பலன் என்ன தெரியுமா? மல்லிகைப்பூ ஆகவில்லை என்றால் கூடவே என்னமோ ஒன்று இருக்கிறது என்று அத்தை ஒருத்தி முடிவு கட்டினாள். அம்மா எவ்வளவோ மறித்தும், மறுநாள் என்னைக் கூட்டிக்கொண்டுபோய் வேப்பிலை அடித்தார்கள். அடித்தவர், “யாரு நீ? எங்கேர்ந்து வந்த?” என்று என்னையே கேட்டார். நான் என் பெயரையும் வகுப்பையும் சொன்னேன். அதற்கும் இரண்டு அடி விழுந்தது.

அன்றைக்கே தீர்மானித்துவிட்டேன். இனி இதை யாரிடமும் சொல்வதில்லை.

அப்புறம் பள்ளிக்கூட ஆண்டுவிழா. கோலாட்டத்துக்கு எல்லாப் பெண்களும் பூ வைக்க வேண்டும் என்றார்கள். நான் மாட்டேன் என்றேன். “ஏண்டி?” என்று டீச்சர் கேட்டார். எனக்கு வேப்பிலை ஞாபகம் வந்தது. கூடவே அப்பாவும் ஞாபகம் வந்தார்.

“நான் ஒரு மாதிரி ஆளு டீச்சர்” என்றேன்.

வகுப்பே சிரித்தது. டீச்சரும் சிரித்தார். அத்தோடு விட்டுவிட்டார். அடேயப்பா, என்ன ஒரு சௌகரியம்! சொன்னால் சிரிக்கிறார்கள், சிரித்தால் கேட்பதை நிறுத்திவிடுகிறார்கள். அன்றையிலிருந்து எதற்கெடுத்தாலும் அதுதான். மல்லிகை மட்டும் இல்லை, எந்தப் பூவையும் தொடமாட்டேன் என்றேன். பூ வைக்காத பெண் என்று பேர் வந்தது. கொஞ்ச நாளில் அதில் எனக்கே ஒரு பெருமை வந்துவிட்டது. அம்மா தீபாவளிக்குத் தீபாவளி ஒரு முழம் பூவைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்ப்பாள். “எனக்குப் பிடிக்காதும்மா” என்பேன். தாழ்ப்பாள் அம்மாவுக்கும் சேர்த்துத்தான்.

ஆணிக்குக் கும்பிடு

நர்ஸ் படிப்பு முடிந்ததும் கல்வராயன் மலையில் வேலை கிடைத்தது. வெள்ளிமலை போய் இறங்கி, அங்கிருந்து நடை. ஓடு வேய்ந்த ஒரு சின்னத் துணைச் சுகாதார நிலையம், பின்னாலேயே ஒரு அறை. எனக்குத் துணை அலமேலு. மலைக்காரப் பெண், என் வயதுதான். பெருக்குவாள், தண்ணீர் கொண்டுவருவாள், சாமைச் சோறு ஆக்குவாள், யார் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்று சொல்வாள். இரண்டு பேரும் அந்த ஒரே அறையில்தான் இருந்தோம்.

மலையில் ‘ங்க’ போட்டுப் பேசுவது கம்மி. நர்ஸம்மா என்பாள், அடுத்த வார்த்தையே நீ, வா, போ. எனக்கு அது முதல் நாளே பிடித்துவிட்டது.

ஒரு திருவிழா சமயம். ஊசி போட வந்த பெண்கள் எல்லோரும் கீழேயிருந்து வந்த மல்லிகையைத் தலை கொள்ளாமல் வைத்திருந்தார்கள். அந்தச் சின்ன அறையில் ஒரே நேரத்தில் எட்டுப் பேர். நான் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டுப் பின்னால் ஓடினேன்.

அலமேலு சொம்பில் தண்ணீரோடு வந்து நின்றாள்.

“இன்னா பண்ணுது உனக்கு?”

“ஒண்ணுமில்ல அலமேலு. நான் ஒரு மாதிரி ஆளு.”

“அது தெரியுது. இன்னா பண்ணுதுன்னு கேட்டேன்.”

அவள் சிரிக்கவில்லை. கிண்டல் பண்ணவில்லை. பதில் வருகிற வரைக்கும் போகப்போவதும் இல்லை. சொம்பை வாங்கி வாயைக் கொப்பளித்தேன். மெதுவாகச் சொன்னேன். மல்லிகை வாசம் பட்டால் இடது கண்ணுக்குப் பின்னால் வலி தொடங்கும், அப்புறம் குமட்டும், அரை நாள் எழுந்திருக்க முடியாது. அவ்வளவுதான். சொல்லி முடிக்க ஒரு நிமிஷம் கூட ஆகவில்லை. பதினைந்து வருஷம் மூடிவைத்த விஷயம் இத்தனூண்டுதானா என்று எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

“இதானா?” என்றாள் அலமேலு. “அப்ப பூவ வெளிய வையின்னு சொல்ல வேண்டியதுதான?”

மறுநாள் காலையில் வாசல் நிலைக்கு வெளியே சுவரில் ஒரு நீள ஆணி அடித்திருந்தாள். வருகிறவர்களிடம் “பூவ ஆணில மாட்டிட்டு உள்ள வா, நர்ஸம்மாவுக்கு ஆவாது” என்பாள். ஒருத்தி கூட ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. யாரும் சிரிக்கவும் இல்லை. கழற்றி மாட்டுவார்கள், ஊசி போட்டுக்கொள்வார்கள், போகும்போது எடுத்து வைத்துக்கொண்டு போவார்கள். செருப்பை வெளியே விடுவது போல அதுவும் ஒரு வழக்கமாகிப்போனது.

சிலர் மறந்து விட்டுவிட்டுப் போவதும் உண்டு. ஒருநாள் கீழேயிருந்து பெரிய டாக்டர் ஒருவர் மேற்பார்வைக்கு வந்தார். ஆணியில் நாலைந்து சரம் தொங்கிக்கொண்டிருந்தது. மனுஷன் வாசலிலேயே நின்றுவிட்டார். ஷூவைக் கழற்றினார். ஆணியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். “எந்த அம்மன்மா இது?” என்று பயபக்தியோடு கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அலமேலு, “இது தலநோவு அம்மன் சார்” என்றாள். அவர் போகிற வரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. ஜீப் வளைவு திரும்பியதும் அலமேலு தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு நான் என்றைக்கும் கடமைப்பட்டவள். என் நோவைப் பற்றி நானே பயமில்லாமல் சிரித்தது அன்றைக்குத்தான் முதல் தடவை.

கழுவிய கனகாம்பரம்

இப்போது அந்தக் கூடத்துக்கு வருவோம். பட்டுப் புடவை பாழ். பெரியம்மாவின் கேள்வி அப்படியே நிற்கிறது. நான் அசடு மாதிரி சிரித்துக்கொண்டு மணையில் உட்கார்ந்திருக்கிறேன்.

மாப்பிள்ளை வீட்டு ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு எழுந்திருக்கத் தொடங்கினார்கள். அந்தச் சம்பந்தம் போயிருந்தால் எனக்கு அது மட்டும் போயிருக்காது. பூ வைக்கிற அன்றைக்கு வாந்தி எடுத்தவள் வீட்டில் அப்புறம் யார் வந்து பெண் கேட்பார்கள்? எனக்குக் கீழே தங்கை ஒருத்தி இருந்தாள்.

“மல்லி வாட அதுக்கு ஆவாது.”

வாசற்பக்கம் சுவரோரத்தில் இருந்துதான் குரல் வந்தது. அலமேலு. என் விசேஷத்துக்காக ஒரு பை சாமை அரிசியோடு முதல் பஸ்ஸில் மலையிறங்கி வந்திருந்தாள்.

“ரெண்டு வருஷமா நானும் அதுவும் ஒரே அறைலதான் கீறோம். அதப்பத்தி இன்னா கேக்கணுமோ என்னக் கேளுங்க. மல்லி வாட பட்டா வாந்தி எடுக்கும். என் எதிர்லயே எடுத்துக்கீது. அவ்ளோதான் சேதி.”

மாப்பிள்ளையின் அம்மா அலமேலுவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எழுந்து வந்து என் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

“அது சொல்றது இருக்கட்டும். நீ சொல்லு. இன்னா பண்ணுது உனக்கு?”

என் ஆயுசில் இரண்டாவது தடவையாக ஒருவர் அதைக் கேட்கிறார். இந்தத் தடவை சிரிக்கவில்லை. கண்ணுக்குப் பின்னால் வலி, குமட்டல், எல்லாவற்றையும் அத்தனை பேர் நடுவில் சொன்னேன்.

“எல்லாப் பூவுமா, மல்லி மட்டுமா?”

நான் திருதிருவென்று விழித்தேன். எனக்குத் தெரியவில்லை! சத்தியமாகத் தெரியவில்லை. எந்தப் பூவும் வேண்டாம் என்று சொல்லிச் சொல்லி, மற்ற பூக்களை மோந்து பார்த்தே எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

சாமி படத்துக்குப் போட அவர்கள் கதம்பம் வாங்கி வந்திருந்தார்கள். அதிலிருந்து ஒரு கனகாம்பரத்தைப் பிய்த்தார். ஒட்டியிருந்த மல்லி வாடை போகப் பக்கத்தில் இருந்த சொம்புத் தண்ணீரில் அலசினார். என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

“மோந்து பாரு.”

பார்த்தேன். ஒன்றும் இல்லை. வெறும் தண்ணீர் வாசம்.

“ஒண்ணும் பண்ணலீங்க” என்றேன்.

“கனகாம்பரத்துக்கு ஏதுடி வாசம்? வாசம் இல்லாங்காட்டி அது பூ இல்லியா?” என்றவர் திரும்பி, “ராகு காலத்துக்கு இன்னும் பத்து நிமிஷம் கீது. உக்காந்து பாத்துக்கினு இருக்காதீங்க. பிரிங்க” என்றார்.

கதம்பத்தைத் தரையில் போட்டுப் பிரித்தார்கள். கனகாம்பரத்தை மட்டும் பொறுக்கி எடுத்துத் தண்ணீரில் போட்டார்கள். அலமேலு மல்லிச் சரத்தையெல்லாம் வாரிக்கொண்டு போய் வாசலுக்கு வெளியே எதிலோ மாட்டிவிட்டு வந்தாள். ஈரப் பூவைக் கட்டினார்கள். யார் அதிகம் கட்டியது என்று நினைக்கிறீர்கள்? அந்தக் கேள்வி கேட்ட பெரியம்மாதான். விரல் நிற்கவே இல்லை. “முன்னாடியே சொல்றதுக்கு இன்னாடி, நல்ல ஆளு நீ” என்று முனகிக்கொண்டே கட்டினார்.

புடவைக்கு என்ன செய்வது என்று அம்மா அழுகையோடு கேட்டாள். “தொவைச்சா போவுது” என்று முடித்துவிட்டார் என் மாமியார். நாத்தனார் இந்தத் தடவை ஹேர்பின்னை முதலிலேயே வாயில் கவ்விக்கொண்டு வந்தார். தண்ணீர் சொட்டச் சொட்ட ஒரு முழம் கனகாம்பரம் என் தலையில் ஏறியது. சமையல்கட்டு வாசலில் அம்மா இன்னும் முந்தானையை மூக்கோடு பிடித்து அழுதுகொண்டுதான் இருந்தாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்தேன்.

மாப்பிள்ளை இவ்வளவு நேரமும் என்ன செய்தார் என்று கேட்பீர்கள். பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு, ஒரு காப்பி டம்ளரோடு நின்றிருந்தார். அந்தக் காப்பியைக் குடித்தாரா இல்லையா என்று இன்றைக்கும் கேட்கிறேன், கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிடுகிறார்.

மாமியார் இருந்த வரைக்கும் எங்கள் வீட்டுக்குள் மல்லிகை வந்தது கிடையாது. யாராவது வைத்துக்கொண்டு வந்தால், “பூவ வெளிய மாட்டு” என்பார். வாசலில் ஆணி அடித்துக் கொடுத்தது அவர்தான். அந்த ஆணி இன்னும் இருக்கிறது.

மொச்சை உரித்த மத்தியானம்

கதை இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். ‘ஒரு மாதிரி என்றால், தயவுசெய்து கேட்காதே என்று அர்த்தம்’ என்று உளுந்தூர்பேட்டைக்காரருக்குப் பதில் எழுதிவிடலாம் என்று இருந்தேன்.

அப்பா காலமான பிறகு அம்மா கள்ளக்குறிச்சியில் எங்களோடுதான் இருக்கிறாள். போன வாரம் ஒரு மத்தியானம் பச்சை மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து கார்டைப் படித்துக் காட்டினேன். இதுவரை எழுதியதையும் படித்துக் காட்டினேன். அம்மா வெறும் முகத்தோடு கேட்டுக்கொண்டிருந்தாள். வெறும் முகம் என்று எழுதும்போதுதான் எனக்கே உறைக்கிறது. முந்தானை தோளில் கிடந்தது. இங்கே வந்த இத்தனை வருஷத்தில் அவள் மூக்கை மூடி நான் பார்க்கவே இல்லை.

“ஏம்மா, ஊர்ல எப்பவும் முந்தானைய மூக்குல வச்சிக்கினே இருப்பியே. இங்க ஏன் வச்சிக்கிறதில்ல?”

“இங்க எதுக்கு வச்சிக்கணும்?”

“அங்க எதுக்கு வச்சிக்கின?”

“போடி, உனக்கு வேற வேல இல்ல.”

என் வாயிலும் இருந்த தாழ்ப்பாள்தானே இது. எனக்குத் தெரியாதா?

“இன்னாம்மா பண்ணும் உனக்கு?” என்று கேட்டேன்.

அம்மா உரித்த மொச்சையைத் தட்டில் போட்டுவிட்டு, இன்னொன்றை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு இருந்தாள். அதை உருட்டிக்கொண்டே சொன்னாள்.

“ஆல வாட. கண்ணாலம் ஆயி வந்த மொத நாளே கொமட்டுச்சு. அங்க இருந்த வரைக்கும் கொமட்டுச்சு.”

“ஏம்மா சொல்லல?”

“யாராண்ட சொல்றது? அந்த ஆலைலதான உங்கப்பாவுக்கு வேல. அதுலதான நீங்க மூணு பேரும் துன்னு வளந்தீங்க. அதப் போயி கொமட்டுதுன்னு எந்த வாயால சொல்வேன்? ஊரு ராங்கின்னு சொல்லிக்கினு போவட்டும்னு உட்டுட்டேன்.” அம்மா என்னைப் பார்த்தாள். “என் மூக்குதான்டி உனக்கு வந்துகீது. சின்னதுல ஒரு வாட்டி வாந்தி எடுத்த, அதோட போச்சுன்னு நெனச்சேன். அப்பறம் நீ பிடிக்காதுன்னே சொல்லிக்கினு இருந்த, எனக்குத் தெரியல. பூ வச்ச அன்னிக்குத்தான் புரிஞ்சுது. அதான் அழுதேன்.”

என்னை ஒருவரும் கேட்கவில்லை என்று இத்தனை வருஷம் குறைப்பட்டுக்கொண்டவள் நான். என் அம்மாவை நான் கேட்டதே இல்லை.

“அப்பாவுக்குத் தெரியுமாம்மா?”

“நான் சொன்னதில்ல.”

மறுபடி மொச்சையை உரிக்க ஆரம்பித்தாள். உரித்துக்கொண்டே சொன்னாள்.

“நீ வயித்துல இருந்தப்போ ஒருநாளு வேல உட்டு வந்து உள்ள கால வச்சாரு. நான் பின்னால ஓடிட்டேன். புளிச்ச ஏப்பம்னு சொல்லிச் சமாளிச்சேன். இன்னா நெனச்சாரோ தெரியாது. மறுநாள்லேர்ந்து பம்புசெட்ல குளிச்சிட்டு வர ஆரம்பிச்சாரு.”

“ஏன்னு நீ கேக்கலையா?”

“கேட்டேன். நான் ஒரு மாதிரி ஆளு, குளிக்காம சோறு எறங்காதுன்னாரு.”

இரண்டு பேருமாக மிச்ச மொச்சையை உரித்து முடித்தோம்.

உளுந்தூர்பேட்டைக்காரரே, உங்கள் மேல் கோபப்பட்டதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். நீங்கள் அந்தக் கார்டை எழுதியிருக்காவிட்டால் இதை நான் கேட்டிருக்கவே மாட்டேன். அந்த வார்த்தையைச் சொல்லி நான் என்னை ஒளித்துக்கொண்டேன். அப்பா அதே வார்த்தையைச் சொல்லி அம்மாவை ஒளித்து வைத்திருக்கிறார். ஊரெல்லாம் தன்னைப் பார்த்துச் சிரிக்கட்டும் என்று மார்கழித் தண்ணீரில் நின்றிருக்கிறார்.

ஈரத்தலையோடு வாசலில் நின்று அவர் “வரட்டுமா?” என்று கேட்பதைப் பார்த்து நாங்கள் மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம் என்று சொன்னேன் அல்லவா? அப்போது அம்மா என்ன செய்வாள் என்பது இப்போதுதான் முழுசாக ஞாபகம் வருகிறது. சமையல்கட்டிலிருந்து வருவாள். வாசற்படிக்கு இந்தப் பக்கம் அவர் எதிரே நிற்பாள். முந்தானையை மூக்கிலிருந்து எடுத்து இடுப்பில் செருகிக்கொள்வாள். ஒரு மூச்சு இழுத்துப் பார்ப்பாள். அப்புறம் “வாங்க” என்பாள்.